வெடிப்புக்கும் பிறந்த நேரம் உண்டு

அரிவாளில் வெடிப்பு விழுந்தால் பெரும்பாலான பட்டறைகளில் முதல் பழி தண்ணீர்த் தொட்டிக்குத்தான். "இன்னிக்குத் தண்ணி ரொம்பக் குளிர்ச்சி" என்பார்கள். "போர்த் தண்ணி ஒத்துக்கலை, கிணத்துத் தண்ணின்னா இப்படி ஆகாது" என்பார்கள். பிறகு வெடித்ததைப் பழைய இரும்புக் குவியலில் வீசிவிட்டு அடுத்த பட்டையை உலையில் வைப்பார்கள். தொட்டியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது உண்மைதான். அந்தச் சத்தத்தைக் கேட்ட கொல்லன் கத்தியை வெளியே எடுக்கும் முன்பே செய்தியைத் தெரிந்துகொள்கிறான். ஆனால் சத்தம் கேட்ட இடத்திலேயே வெடிப்பு பிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய இரும்புக் கடையில் பட்டையைப் பொறுக்கிய அன்றே அது உள்ளே இருந்திருக்கலாம். உலையில் சூடு மிஞ்சிய நேரத்தில் வேர் விட்டிருக்கலாம். ஆறிப்போன இரும்பில் விழுந்த கடைசி அடியில் தொடங்கியிருக்கலாம். எப்போது பிறந்தது என்பதை உடைந்த முகம் சொல்லும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உலை முன் நின்று நான் கற்றவற்றில் மிகவும் பயன்பட்டது அந்த முகத்தைப் படிக்கும் வித்தைதான்.

மதுரை – தென்காசி சாலையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மேற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் மாந்தோப்பு, அதற்குக் கீழே தென்னை, கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். எங்கள் பட்டறைக்கு வந்த வேலையும் அப்படியே பலவிதம். நெல்லறுக்கப் பன்னரிவாள், கரும்பு வெட்டக் கத்தி, தென்னை ஏறுகிறவருக்குப் பாளை அரிவாள், மாங்கிளை கழிக்க வெட்டரிவாள், இளநீர்க் கடைக்குக் கனத்த கத்தி, விறகுக்குக் கோடாலி. பன்னரிவாள் இழுத்து அறுக்கிறது. அதற்கு அதிர்ச்சி குறைவு, வாய் கூர்மையாக நிற்க வேண்டும். இளநீர்க் கத்தியோ நாள் முழுவதும் அடி வாங்குகிறது. கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும் குணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதம் வைக்கிற பட்டறையில் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அப்பாவிடம் சம்மட்டி பிடித்துத் தொடங்கினேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா பட்டறையில் குறடு பிடிக்கப் போனேன். மாமா வெடித்த கத்தியைக் கண்டு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "மாப்பிள்ளை, அதை அங்கன வை. வேலை முடிஞ்சு பார்ப்போம்" என்பார். சாயங்காலம் அதை வைஸில் கவ்வவைத்து ஒரே அடியில் முழுசாக உடைப்பார். உடைந்த இரண்டு முகங்களையும் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று எனக்குப் புரியச் சில காலம் ஆயிற்று.

அவர் பார்த்தது நிறத்தை. வெடிப்பின் உள்முகம் கறுத்து, செதில் படிந்திருந்தால், அந்த வெடிப்பு உலையில் இருக்கும்போதே திறந்திருந்தது என்று பொருள்; நெருப்பின் காற்று உள்ளே போய் இரும்பைக் கறுக்க வைத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அதில் பங்கில்லை. உள்முகம் வைக்கோல் மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால், சிவக்கக் காய்ச்சிய கத்தியை முக்கிக் குளிர்விக்கும் தோய்ச்சலின்போது வெடித்து, பிறகு அந்தக் கெட்டித்தன்மையைக் கொஞ்சம் குறைத்துப் பதம் இளக்கச் சூடு காட்டியபோது அந்த நிறம் ஏறியிருக்கிறது. முகம் சுத்தமான சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தால், எல்லா வேலையும் முடிந்த பிறகு, சாணையிலோ வாடிக்கையாளர் கையிலோ உடைந்தது. பாதி கறுப்பும் பாதி பளிச்சும் இருந்தால், பழைய வெடிப்பு ஒன்று இன்று பயணத்தை முடித்திருக்கிறது. துருவின் செம்பழுப்பு தெரிந்தால் அதற்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு.

நிறத்துக்கு அடுத்தது மணி. நல்ல சூட்டில் அடித்து, நல்ல சூட்டில் தோய்த்த எஃகு உடைந்தால் முகம் வழுவழுப்பான சாம்பலாக, மணி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ரவையைக் கொட்டிவைத்தது மாதிரி மினுமினுவென்று பருமணியாக இருந்தால் சூடு மிஞ்சிப்போயிற்று. எஃகு என்பது நெருக்கி அடுக்கிய சின்னஞ்சிறு மணிகளின் கூட்டம். சூடு கூடக் கூட, உலையில் கிடக்கும் நேரம் நீள நீள, அந்த மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கின்றன. மணி பெருத்த எஃகில் வெடிப்பு ஓடுவது எளிது.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, அரிவாள் உருவாகும் வழியில் ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்க்கலாம்.

முதற்படி இரும்பு. எங்கள் பக்கம் வெட்டரிவாளுக்குப் பெரும்பாலும் லாரி, பஸ்களில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைதான். நல்ல எஃகு அது. பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் கரிமம் இருக்கும். பல பட்டைகளில் 1.5 முதல் 2 சதவீதம் சிலிக்கானும் உண்டு. ஆனால் வண்டிக்கு அடியில் லட்சக்கணக்கான குலுக்கலைத் தாங்கிவிட்டு வந்த இரும்பு. நடு போல்ட் துளையைச் சுற்றியும், பட்டைகள் ஒன்றோடொன்று உரசித் துருக்குழி விழுந்த இடங்களிலும் மயிர் வெடிப்புகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றின்மேல் சம்மட்டி போட்டால் வெடிப்பு மூடுவதாகத் தோன்றும். செதில் படிந்த முகங்கள் ஒட்டாது, உள்ளே மடிந்துதான் கிடக்கும். அதனால் துளையிருக்கும் பகுதியை வெட்டி ஒதுக்கிவிட வேண்டும். அந்த அரை அடி இரும்பை மிச்சம் பிடிக்கிறவர் ஒரு முழு அரிவாளை இழப்பார்.

ராஜபாளையம் நூற்பாலை ஊர். ராஜபாளையம் மில் 1936-இல் தொடங்கியது. அதையொட்டிப் பல ஆலைகள் வந்தன. ஆலைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊரில் தேய்ந்த அரங்கள் பழைய இரும்புக் கடைக்கு வருவது வழக்கம். அரத்தில் கரிமம் 1 சதவீதத்துக்கு மேல். ஸ்பிரிங் பட்டையைத் தோய்ப்பதுபோலவே அதையும் தோய்த்தால் கண்ணாடி மாதிரிச் சிதறும். அரத்தின் பல்வரிகளை முழுவதும் தேய்த்து எடுக்காமல் அடித்தால் ஒவ்வொரு வரியும் ஒரு வெடிப்புக்கு வாசல். கட்டிடக் கம்பியோ கரிமம் குறைந்தது. எவ்வளவு தோய்த்தாலும் வாய் நிற்காது. பார்வைக்கு மூன்றும் ஒரே இரும்பு. ஆகவே புது இரும்பு வந்தால் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டித் தோய்த்து உடைத்துப் பார்த்த பிறகே வேலை தொடங்குவது எங்கள் வழக்கம்.

இரண்டாவது நெருப்பு. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கிலும் ராமநாதபுரத்திலும் எரிக்கும் சீமைக்கருவேலங் கரிதான் எங்கள் உலைக்கு. அதில் கந்தகம் இல்லாதது பெரிய பாதுகாப்பு. நிலக்கரியில் கந்தகம் உண்டு. கந்தகம் இரும்போடு சேர்ந்து மணிகளின் இடுக்கில் படிந்தால், 1000 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அந்த இடுக்கு உருகிவிடும். செஞ்சூட்டில் அடி விழும்போது இரும்பு உதிரும். செம்பும் இதே வேலையைச் செய்யும். பழைய மோட்டார்ச் சாமான்களோடு வந்த செம்புக் கம்பித் துண்டு ஒன்று உலையில் விழுந்து உருகி எஃகின்மேல் பட்டுவிட்டால், மணிகளின் இடுக்கில் இறங்கிப் பிளக்கும். உலையடியைத் தினமும் கிண்டிச் சிட்டத்தை அள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் சுத்தம் மட்டும் இல்லை.

துருத்தி இருந்த காலத்தில் காற்று கையின் கட்டுப்பாட்டில் இருந்தது. மின்சார ப்ளோயர் வந்த பிறகு காற்று நிற்காமல் பாய்கிறது. கத்தியின் முதுகு கனம், வாய் மெலிசு. முதுகு ஆரஞ்சு நிறத்துக்கு வருவதற்குள் வாய் மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்குப் போய்ப் பொறி கக்கும். பொறி கக்கிய எஃகு எரிந்துபோன எஃகு. மணிகளின் இடுக்குவரை செதில் இறங்கிவிட்டது. எந்த வைத்தியமும் அதைத் திருப்பாது, வெட்டி எறிய வேண்டியதுதான். ப்ளோயருக்கு ஒரு தடுப்புத் தகடு வைத்துக் காற்றைக் குறைப்பதும், கத்தியின் முதுகை நெருப்பின் நடுவுக்கும் வாயை ஓரத்துக்கும் காட்டுவதும் அதற்கான வழி.

வெயிலும் ஏமாற்றும். சித்திரை வெயில் உள்ளே விழும் பட்டறையில், நல்ல சிவப்பில் இருக்கும் இரும்பு மங்கலாகத் தெரியும். 'இன்னும் காயலை' என்று மேலும் ஊதுவார்கள். பழைய பட்டறைகள் இருட்டாக இருந்ததற்குக் காரணம் இதுதான். நெருப்பின் நிறத்தை நிழலில்தான் படிக்க முடியும். நான் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டி உலைப் பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பிடிப்பதை விட்டுவிடும். அது விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் மட்டும் ஏற்றினால் தோய்ச்சலுக்கான சூடு. கண் தப்பினாலும் காந்தம் தப்பாது.

அதிகச் சூட்டின் கேட்டை உலகமே பார்த்திருக்கிறது. கொங்குநாட்டின் கொடுமணல் போன்ற ஊர்களில் பழங்காலத்திலேயே எஃகு செய்தார்கள். தென்னிந்திய எஃகு வூட்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கிருந்த கொல்லர்கள் தங்கள் இரும்புக்குக் காட்டும் வெள்ளைச் சூட்டையே அதற்கும் காட்டினார்கள். அது சம்மட்டியின் கீழ் பொடிந்தது. அதில் கரிமம் 1.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கரிமம் கூடினால் உருகத் தொடங்கும் சூடு இறங்கிவிடும். கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே 1819-இல் அந்த எஃகை ஆராய்ந்தார். நம் ஊர் இரும்பு கேட்டதெல்லாம் நிதானமான நெருப்புத்தான்.

மூன்றாவது அடி. சூடு மிஞ்சினால் எப்படிக் கெடுமோ, அப்படியே சூடு குறைந்தாலும் கெடும். ஆரஞ்சில் தொடங்கிய அடியை மங்கல் சிவப்பில் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்குக் கொண்டுபோக வேண்டும். "இன்னும் ரெண்டு தட்டு" என்ற ஆசைதான் வாயோரத்தில் பல் பல்லாகக் கீறல் விழ வைக்கிறது. இதைவிட ஆபத்தானது, சிவப்பு மறைந்து இரும்பு கறுப்பாகத் தெரியும் 200 முதல் 350 டிகிரிவரையான சூடு. கை வைத்தால் பொசுங்கும். கண்ணுக்கு ஆறிப்போனதாகத் தெரியும். அந்தச் சூட்டில் எஃகு நொறுங்கும் குணம் கொள்ளும்; கோணலை நிமிர்த்தத் தட்டும் ஒரு தட்டில் வெடித்துவிடும். இன்னொன்று மடிப்பு. சம்மட்டியின் விளிம்பு பட்டு எழும்பிய திமிலை அரத்தால் எடுக்காமல் மேலே அடித்தால், தோல் மடிந்து உள்ளே போகும். உடைத்துப் பார்த்தால் கறுத்த கோடாக நிற்கும்.

அடி முடிந்து தோய்ச்சலுக்கு முன் ஒரு படி இருக்கிறது. அவசரத்தில் பலரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அடித்த கத்திக்குள் இழுவிசைகள் கோணல்மாணலாகத் தங்கியிருக்கும். மணிகளும் இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கும். மறுபடி காந்தம் விடும் சூட்டுக்குக் கொண்டுபோய், காற்றில் தானாக ஆறவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துச் செய்தால், பெருத்த மணி மறுபடி சிறுக்கும். அரத்துக்கு இளக வேண்டுமானால் உமிச்சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விடுவோம். எரியாத எஃகுக்கு இதைவிட நல்ல மருந்து நான் அறியேன். செலவு கொஞ்சம் கரியும் பொறுமையும்.

நான்காவது தோய்ச்சல். சிவந்த எஃகு சட்டென்று குளிரும்போது முதலில் சுருங்குகிறது. ஸ்பிரிங் எஃகு 300 டிகிரியை நெருங்கும்போது உள்ளமைப்பு மாறி, மறுபடி விரிகிறது. அந்தக் கெட்டியான அமைப்புக்கு, ஜெர்மன் ஆய்வாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். வெளித்தோல் முந்திக் கெட்டிப்பட்டுவிடுகிறது. உள்பகுதி பிந்தி விரிகிறது. ஏற்கெனவே இறுகிப்போன தோலை அது உள்ளிருந்து நெம்புகிறது. மெல்லிய வாயும் கனத்த முதுகும் வெவ்வேறு நேரத்தில் மாறுவதால் அரிவாளில் இந்தச் சண்டை இன்னும் கடுமை. தோலில் ஒரு கூரிய மூலையோ, குறுக்குக் கீறலோ, வாயருகே குத்திய முத்திரையோ இருந்தால் நெம்பும் விசை முழுவதும் அங்கே குவியும். ஆகவே தோய்ப்பதற்கு முன் வாயை ஒரு காசின் விளிம்பளவு கனமாகவே விட்டுவைக்க வேண்டும். குறுக்கே போன அரக்கோடுகளை நீளவாக்கில் தேய்த்து அழிக்க வேண்டும். முத்திரையைச் செஞ்சூட்டில், முதுகோரமாகக் குத்த வேண்டும். மண்பூசித் தண்ணீரில் தோய்க்கும் ஜப்பான் வாள் கொல்லர்களுக்கும் தொட்டியில் வாள் வெடிப்பது புதிதில்லை. தேர்ந்த கைகளுக்கும் இந்த விசை ஒன்றேதான்.

இங்கேதான் தண்ணீருக்குப் பங்கு வருகிறது. தண்ணீர் மிக வேகமாகக் குளிர்விக்கும். கத்தியைச் சுற்றி ஆவி போர்த்திக்கொள்வதால் ஓரிடம் முந்தியும் ஓரிடம் பிந்தியும் குளிரும். உப்பு கலந்த தண்ணீர் அந்த ஆவிப்போர்வையைக் கிழித்துவிடுகிறது. ஒரே சீராகக் குளிரும், ஆனால் இன்னும் உக்கிரமாக. 'அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பதம் நன்றாக ஏறும்' என்று பெரியவர்கள் சொல்லும் கிணறு பெரும்பாலும் உவர்ப்புக் கிணறாக இருப்பதன் காரணம் இதுதான். ஸ்பிரிங் பட்டைக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை, எண்ணெய் போதும். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் பக்கத்திலேயே இருக்கிறது. கடலை எண்ணெயை 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கித் தோய்த்தால், அது இளகிக் கத்தியைச் சுற்றி நன்றாக ஓடும். குளிர்ந்த எண்ணெயைவிடச் சீராகவும் விரைவாகவும் சூட்டை வாங்கும். எரிந்த எஞ்சின் ஆயிலை நான் பட்டறைக்குள் விடுவதில்லை. அந்தப் புகை கொல்லனின் நுரையீரலுக்குக் கேடு.

தண்ணீரில்தான் தோய்க்க வேண்டுமென்றால் வாயை மட்டும் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்தபடி இருக்க வேண்டும். ஒரே மட்டத்தில் அசையாமல் பிடித்தால் அந்த நீர்க்கோட்டிலேயே வெடிப்பு ஓடும். பக்கவாட்டில் ஆட்டினால் கத்தி கோணும். சில நொடிகளில் வெளியே எடுத்து, கல்லில் உரசிக் கறுப்பை நீக்கிப் பார்த்தால், முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு ஓடி வருவது தெரியும். வைக்கோல் மஞ்சள், தவிட்டு நிறம், மயில்கழுத்து, நீலம் என்று வரிசையாக வரும். வைக்கோல் நிறம் 220 டிகிரியைச் சுற்றி; நீலம் 300-ஐ ஒட்டி. பன்னரிவாளுக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். இளநீர்க் கத்திக்கும் வெட்டரிவாளுக்கும் மயில்கழுத்துவரை விட வேண்டும்.

முழுவதும் தோய்த்த கத்தியைப் பதம் இளக்காமல் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வைத்துவிட்டுப் போகக் கூடாது. உள்ளே விசை அடங்காமல் கிடக்கும். யாரும் தொடாமலே இரவில் வெடிக்கும். அதைப் பேய் வேலை, கண்ணேறு என்று சொல்லும் பட்டறைகளை அறிவேன். கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் பதம் இளக்கிவிட்டால் அந்தப் பேய் வராது.

ஐந்தாவது சாணை. மோட்டார் கிரைண்டிங் மிஷினில் ஒரே இடத்தில் அழுத்தினால் வாயோரம் நொடியில் நீலம் பாயும். உடனே தண்ணீரில் முக்கினால், அந்த மெல்லிய தோல் மட்டும் மறுபடி தோய்ச்சல் கண்டு, சாணைக் கோட்டுக்குக் குறுக்காக நுண்ணிய கீறல்கள் விழும். அத்தனை வேலையையும் நன்றாகச் செய்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் இழப்பது வேதனை. இதற்கு வழி, கத்தி சூடேறும் முன்பே முக்கி எடுத்து, மெல்லப் பிடிப்பதுதான்.

பிடியருகே கழுத்தில் உடையும் அரிவாளுக்குக் கதை வேறு. பிடிக்குள் போகும் வால் தொடங்கும் உள்மூலையைச் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள். அல்லது கழுத்துவரை தோய்த்திருப்பார்கள். மூலையை வளைவாக விட்டு, கழுத்தைத் தோய்க்காமல் விட்டால் பிடி மக்கும்வரை கத்தி இருக்கும். ராஜபாளையம் நீர்காத்த அய்யனார் கோயில் மாதிரி மலையடிவாரக் கோயில்களுக்கு நேர்த்திக்கடனாகக் கேட்கிற நெடிய அரிவாளுக்கு நான் தோய்ச்சலே வைப்பதில்லை. அது வெட்டுவதற்கானதில்லை, வளையாமலும் வெடிக்காமலும் சாமி முன் நிற்க வேண்டியது.

வேலை முடிந்த கத்தியை நூலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்போம். முழுசாக இருந்தால் நாதம் நீளும்; வெடிப்பிருந்தால் தட்டையாக அடங்கும். சந்தேகமானால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்பைப் பூசிக் காயவிடுவோம். கீறலுக்குள் போன எண்ணெய் சுண்ணாம்பில் கசிந்து கோடு போடும். ஒரு காலத்தில் ரயில்வே பட்டறைகளில் வண்டி அச்சுகளைச் சோதித்ததும் இதே முறையில்தான்.

தென்னை ஏறும் ஒருவர் ஒருமுறை வேறெங்கோ வாங்கிய பாளை அரிவாளின் இரண்டு துண்டுகளோடு வந்தார். நுனித்துண்டு உச்சியிலிருந்து விழுந்து, கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரின் காலருகே குத்தி நின்றதாம். "ஆசாரி, கூலி கூடக் கேளுங்க. உடையாததாக் குடுங்க" என்றார். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் பாதி கறுப்பு. உலையிலேயே திறந்திருந்த வெடிப்பு. நாதம் பார்த்திருந்தால், சுண்ணாம்பு பூசியிருந்தால் அந்தக் கத்தி பட்டறையை விட்டு வெளியே போயிருக்காது. வெடிப்பைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். அரிவாளை நம்பி மரம் ஏறுகிறவர், அந்த அரிவாளைச் செய்தவரையும் நம்பித்தான் ஏறுகிறார்.

இந்த அறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. பட்டறைகள் குறைந்துவருகின்றன, குறடு பிடிக்க வரும் பிள்ளைகளும் குறைவு. அதனால் இரண்டு வேண்டுகோள். உலை வைத்திருக்கும் தம்பிமார்கள், வெடித்த கத்தியை உடனே குவியலில் போடாமல், உடைத்து முகம் பார்த்து, என்ன இரும்பு, எதில் தோய்த்தது என்று சாக்பீஸால் எழுதி ஒரு பெட்டியில் சேர்த்துவையுங்கள். ஒரு வருடம் சேர்ந்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் பட்டறையில் எந்தப் படி பலவீனம் என்பது தானே தெரியும். வாங்குகிறவர்கள், உடைந்த அரிவாளைப் பழைய இரும்புக்குப் போடாமல் செய்தவரிடமே கொண்டுவந்து கொடுங்கள். இரண்டு துண்டையும், துடைக்காமல், தேய்க்காமல். அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற கொல்லரிடம் அடுத்த அரிவாளைத் தைரியமாகச் சொல்லிவைக்கலாம்.